புலம்பெயர்ந்தவர் கதையை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றில் படிப்பிக்கிறேன். பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை 14 பிள்ளைகள். பெரும்பாலானவர்கள் இங்கே பிறந்தவர்கள். பெற்றோருக்கு யாழ்ப்பாணம், வன்னி. சிலருக்குச் சென்னை, கோவை. ஒரு பையன் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஜனவரி தமிழ் மரபுத் திங்களுக்கு முன் புலம்பெயர்வு பற்றி ஆறு வகுப்புகள் எடுக்க நினைத்தேன். முதல் வேலையாக, வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி கண்டு எழுதி வரச் சொன்னேன். ஐந்து பேர் எழுதவில்லை. ஒரு பிள்ளையின் அம்மம்மா பாதியில் எழுந்து போய்விட்டாராம். எழுதி வந்தவர்களும் "போரிங் மிஸ், எப்பவும் கேக்கிறதுதான்" என்கிறார்கள். கதை, கவிதை வழியாக இதைச் சொல்லிக் கொடுக்கலாமா? எவற்றை எடுக்கலாம்? படகில் வந்த கதையை நாடகமாகப் போடும்படி நிர்வாகக் குழு கேட்கிறது, போடலாமா? நானும் அகதியாக வந்தவள்தான். என் கதையை வகுப்பில் சொல்லலாமா?
ஓர் ஆசிரியை, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பேட்டி வேலையை இந்தச் சனிக்கிழமையோடு முடித்துவிடுங்கள். எழுதாத ஐந்து பேரிடமும் காரணம் கேட்க வேண்டாம். "அது முடிந்தது, இனி வேறொன்று வாசிக்கப் போகிறோம்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னால் போதும். எழுதி வந்த தாள்களைச் சுவரில் ஒட்டாமல் அவரவர் கையில் திருப்பிக் கொடுங்கள். யார் எந்த நாட்டு வழியாக வந்தார், யாருடைய கடவுச்சீட்டில் வந்தார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கக்கூடும். அகதிக் கோரிக்கை இன்னும் முடியாத ஒரு சித்தப்பாவோ மாமியோ அதே வீட்டில் இருக்கலாம். எதை வெளியே சொல்லக்கூடாது என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது.

"போரிங்" என்று அவர்கள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதை வீட்டில் எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கணக்கில் புள்ளி குறைந்த அன்று வருகிறது. சாப்பாட்டைக் கொட்டிய அன்று வருகிறது. "நாங்கள் பனிக்குள்ளே இரண்டு வேலை செய்து" என்று தொடங்கி, "நீ ஒழுங்காகப் படி" என்று முடிகிறது. பிள்ளையின் காதில் அது கதையாக விழுவதில்லை, கடனாக விழுகிறது. பத்து வயதில் எவராலும் அடைக்க முடியாத கடன் அது. பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் பட்டது உண்மை, அதைச் சொல்ல அவர்களுக்கு வேறு நேரம் வாய்ப்பதும் இல்லை.

இலக்கியம் இங்கேதான் உதவும். புத்தகத்தில் வரும் ஒரு வியட்நாம் சிறுமிக்கு உங்கள் மாணவர் எவரும் கடன்பட்டவர் இல்லை. அவள் பட்ட பாட்டைக் கேட்டபின் "அதனால் நீ..." என்று யாரும் தொடங்க மாட்டார்கள். அந்தப் பாரம் இல்லாத இடத்தில் பிள்ளைக்கு முதல் முறையாக அவதானிக்க வருகிறது. ஆறு வகுப்புகளையும் இதை வைத்தே அடுக்கச் சொல்கிறேன். முதலில் ஊர் பேர் தெரியாத ஒருவரின் கதை. அடுத்து, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஒரு கவிதை. அதன்பின் தங்கள் வயதுப் பிள்ளை ஒருத்தியின் கதை. சொந்த வீட்டுக் கதை கடைசியில், அதுவும் விரும்பியவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் 45 நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் இழுத்தால் கனமான விஷயம் வெறும் அலுப்பாகிவிடும்.

முதல் இரண்டு வகுப்புக்கும் ஷோன் டான் வரைந்த 'தி அரைவல்' போதும். ஆஸ்திரேலிய ஓவியரான அவருடைய தந்தை மலேசியாவிலிருந்து அங்கே குடியேறியவர். 2006-இல் வந்த இந்தப் புத்தகத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆறு அத்தியாயங்களும் பென்சில் படங்கள்தான். ஒரு மனிதர் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுத் தெரியாத நகரம் ஒன்றுக்குப் போகிறார். அங்கே உள்ள எழுத்து, விலங்கு, பழம், கடிகாரம் எல்லாமே ஓவியர் கற்பனையில் உருவாக்கியவை. அதனால் வாசிக்கும் எவருக்கும், எந்த நாட்டில் பிறந்தவருக்கும், அந்த நகரம் புதிதாகவே இருக்கும். தமிழ் எழுத்தில் தடுமாறும் பிள்ளையும் சரளமாக வாசிக்கும் பிள்ளையும் இதன் முன்னே சமம். தமிழ் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பேசுவதற்கு இருக்கும் ஒரே மொழி நீங்கள் பேசும் தமிழாகிவிடும்.

நான்கு பிரதிகள் வேண்டும். மூன்று நான்கு பேருக்கு ஒன்று. திரையில் போட்டுக் காட்டாதீர்கள். பல பக்கங்களில் படங்கள் சிறு சிறு கட்டங்களாக இருப்பதால் பின் வரிசைக்கு ஒன்றும் தெரியாது. அதோடு, பக்கத்தைத் திருப்பும் வேகம் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும்.

முதல் வகுப்பில் முதல் பக்கத்துக்கே 15 நிமிடம் கொடுங்கள். ஒன்பது சிறு படங்கள்: காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, பாத்திரம், பிள்ளை வரைந்த ஓவியம், தேநீர்க் கேத்தல், கோப்பை, திறந்த பயணப்பெட்டி, குடும்பப் படம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: "என்ன தெரிகிறது?" "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" "வேறு என்ன?" இரண்டாவது கேள்வியை விடாமல் கேளுங்கள். இல்லாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? மூன்றாவது பக்கத்திலேயே யாராவது ஒரு பிள்ளை "சண்டை மிஸ், கனடாவுக்குப் போகிறார்" என்று முடித்துவிடும். வீட்டில் கேட்ட கதையைப் படத்தின் மேல் ஒட்டிவிடும், அதற்குப் பிறகு படத்தைப் பார்க்காது. அவர் விட்டுப்போகும் பழைய நகரத்தின் தெருக்களுக்கு மேலே பெரிய முள்வால் ஒன்றின் நிழல் வளைந்து கிடக்கும். அது என்ன என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒருவர் போர் என்பார், ஒருவர் பஞ்சம் என்பார், ஒருவர் கடன்காரர் என்பார். எல்லாவற்றையும் பலகையில் எழுதி அப்படியே விடுங்கள். ஆசிரியையே "போர்" என்று முடிவு கட்டினால், வேலைக்காகக் கோவையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை அந்த நிமிடமே கதைக்கு வெளியே போய்விடும்.

கப்பல் பயணத்தில் மேகங்களை மட்டும் சிறு சதுரங்களாக வரைந்த பக்கங்கள் வரும். அங்கே ஒரு நிமிடம் முழுதாக யாரும் பேசக்கூடாது என்று சொல்லுங்கள். பிறகு "எத்தனை நாள் ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். பயணம் என்றால் பெரும்பாலும் காத்திருப்பு என்பது அவர்களுக்குத் தானாகவே பிடிபடும். அடுத்து வரும் பரிசோதனைப் பக்கத்தில் அதிகாரிகள் அவருடைய சட்டையில் சீட்டுச் சீட்டாகக் குத்துவார்கள். அவர் கைகளால் எதையோ விளக்கப் பார்ப்பார். அந்தக் கைகளைப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாக்கியம் தமிழில் சொல்லட்டும். யாரையும் அதிகாரியாகவும் அகதியாகவும் நடிக்க வைக்க வேண்டாம், படம் போதும்.

புதிய நகரத்தில் அவருக்குக் கிடைக்கும் வேலைகளில் ஒன்று சுவரொட்டி ஒட்டுவது. எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவிடுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்க விடுங்கள். பிறகு நிதானமாகக் கேளுங்கள்: "இவருக்கு வாசிக்கத் தெரியாதா?" தெரியும், அவருடைய மொழியில். எட்டு மாதத்துக்கு முன் வந்த உங்கள் மாணவன் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவான். தயவுசெய்து அப்போது அவன் பக்கம் திரும்பாதீர்கள். "நீ சொல்லு, உனக்கு எப்படி இருந்தது?" என்று ஆசிரியர் அன்போடு கேட்டாலும், பதின்மூன்று தலைகள் அவனை நோக்கித் திரும்பும். தானாகக் கை உயர்த்தினால் கேளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

இரண்டாவது வகுப்பில் கடைசி அத்தியாயம் வரை முடித்துவிடலாம். அங்கே மறுபடியும் ஒன்பது படங்கள் கொண்ட ஒரு பக்கம் வருகிறது, இந்த முறை புதிய வீட்டில். ஒரு பிரதியில் முதல் பக்கத்தையும் இன்னொன்றில் இந்தப் பக்கத்தையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எது எதுவாக மாறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று கொப்பியில் இரண்டு நிரல் எழுதட்டும். இரண்டு வகுப்பிலும் சேர்த்துப் பத்துச் சொற்களுக்கு மேல் புதிதாகக் கொடுக்க வேண்டாம்: பயணப்பெட்டி, துறைமுகம், பரிசோதனை, வாடகை அறை, தலைகீழ், வழிகாட்டு என்று படத்தில் உள்ளவையாகவே இருக்கட்டும். "கலாசாரம்", "அடையாளம்" போன்ற சொற்களை இந்த வயதில் நான் பலகையில் எழுத மாட்டேன். அவை வந்தால் பிள்ளைகள் ஆசிரியர் விரும்பும் விடையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

இணையத்தில் தேடினால் "பயணப்பெட்டி விளையாட்டு" என்று ஒரு பயிற்சி எல்லா இடத்திலும் கிடைக்கும். பத்து நிமிடத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும், எந்த ஐந்து பொருளை எடுப்பாய் என்பது. விட்டுவிடுங்கள். பாதிப் பேர் ஐபேட் என்று எழுதிச் சிரிப்பார்கள். உண்மையாகவே அப்படி வெளிக்கிட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வகுப்புக்குப் பலரும் கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே'யைத்தான் எடுப்பார்கள். மகத்தான கவிதை, ஆனால் இந்த இடத்துக்கு அது பொருந்தாது. எல்லா ஊரும் உன் ஊரே என்று முதலிலேயே சொல்லிவிட்டால், "எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை" என்று சொல்ல நினைக்கும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாகப் புறநானூற்றின் 112-ஆம் பாடலை எடுங்கள். பாரி மகளிர் பாடியதாக வரும் ஐந்து வரிப் பாட்டு. பின்னணிக்கு மூன்று நிமிடம் போதும்: பறம்பு மலை, வள்ளல் பாரி, முற்றுகையிட்ட மூவேந்தர், தந்தையையும் மலையையும் இழந்த இரண்டு பெண்கள், அவர்களை அழைத்துக்கொண்டு அடைக்கலம் தேடி நடந்த கபிலர். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் பறம்பு என்று சொல்வார்கள். வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.

பாடலைப் பதம் பிரித்துப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஆளுக்கொரு தாள் கொடுங்கள். பொருள் சொல்லாமல் இரண்டு முறை வாசியுங்கள். உங்கள் புதிய மாணவனுக்குத் தமிழ் சரளமாக வருமானால், முந்தைய வாரமே தனியாகக் கேட்டு, சம்மதித்தால் இரண்டாவது முறை அவனை வாசிக்க வையுங்கள். அந்த அறையில் அவன் கை ஓங்கியிருக்கும் இடம் அது. பிறகு பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து, இரண்டு முறை வரும் சொற்களை வட்டமிடச் சொல்லுங்கள். திங்கள், வெண்ணிலவு, எந்தை, குன்று ஆகிய நான்கும் சிக்கும். ஐந்தே வரியில் நான்கு சொற்கள் திரும்ப வருகின்றன. அப்படியானால் மாறியது எது? அந்த மாதம் தந்தை இருந்தார், இந்த மாதம் இல்லை. அந்த மாதம் குன்று அவர்களுடையது, இந்த மாதம் பிறருடையது. நிலவு மட்டும் அதே வெண்மையோடு இருக்கிறது. இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். பொருளை நீங்கள் முந்திச் சொன்னால் பாட்டு முடிந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இந்தப் பாட்டில் எது சொல்லப்படவில்லை?" தந்தை எப்படி இறந்தார் என்று இல்லை. போர் எப்படி நடந்தது என்று இல்லை. ஒரு பெரிய இழப்பைச் சொல்ல அந்தப் பெண்கள் எதையெல்லாம் தவிர்த்தார்கள் என்று பிள்ளைகள் பார்த்துவிட்டால், பேட்டியின் பாதியில் எழுந்து போன அம்மம்மாவையும் அவர்களால் வேறு விதமாகப் பார்க்க முடியும். அவர் பெயரை நீங்கள் எடுக்கவே வேண்டியதில்லை.

எழுதும் பயிற்சி இந்த வகுப்பில்தான் தொடங்குகிறது. நான்கு வரி. முதல் இரண்டு 'அன்று', அடுத்த இரண்டு 'இன்று'. ஒரு பொருள் இரண்டிலும் மாறாமல் இருக்க வேண்டும்; அதைச் சுற்றி ஒன்று மாறியிருக்க வேண்டும். சோகம், கவலை, மகிழ்ச்சி, ஏக்கம் என்ற சொற்களுக்கு இடமில்லை. சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதத் தேவையில்லை, படக்கதை மனிதரின் குரலில் எழுதலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மாதிரிக்கு இப்படி ஒன்றைக் காட்டலாம்:

அன்று காலை மேசையில் ஒரு கோப்பைத் தேநீர்.
எதிரே மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள்.
இன்று காலையும் மேசையில் ஒரு கோப்பைத் தேநீர்.
எதிரே நாற்காலியில் என் தொப்பி.

உணர்ச்சிச் சொற்களைத் தடுக்காவிட்டால் எல்லாருடைய தாளிலும் "மிகவும் கவலையாக இருந்தது" என்ற ஒரே வரிதான் இருக்கும். தடுத்தால் பிள்ளை பொருளைத் தேடத் தொடங்கும்.

நான்காவது, ஐந்தாவது வகுப்புகளுக்குத் தான்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்'. 2011-இல் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்ட் பெற்ற இளையோர் நூல். சிறு சிறு கவிதைகளால் ஆன நாவல். பத்து வயதுச் சிறுமி ஹா, தாயோடும் மூன்று அண்ணன்மாரோடும் 1975-இல் வியட்நாமின் சைகோனைவிட்டுக் கப்பலேறி அமெரிக்காவின் அலபாமாவில் குடியேறும் கதை. ஆசிரியரும் அதே வயதில், அதே ஆண்டு, அதே வழியில் போனவர். ஆங்கில நூலைத் தமிழ் வகுப்பில் வாசிப்பதா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். கவிதையை ஆங்கிலத்தில் வாசித்து, பேச்சும் எழுத்தும் தமிழில் செய்யுங்கள். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று பிரித்து வாழும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் சொல்வது நல்ல உழைப்பு. அந்த உழைப்பில்தான் சொல்வளம் கூடும்.

முழு நாவலையும் வகுப்பில் வாசிக்க நேரமில்லை, தேவையும் இல்லை. சைகோன், கடல், அலபாமா, அதற்குப் பின் என்று நான்கு பகுதிகள். இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஐந்து கவிதைகள் எடுங்கள்: வீட்டுப் பப்பாளி மரம், கப்பலில் ஒன்று, பள்ளியின் முதல் நாட்கள், மதியச் சாப்பாட்டு நேரம், காய்ந்த பப்பாளி. இவற்றில் பள்ளிக் கவிதைக்கு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். ஹா தன் நாட்டில் பின்னக் கணக்குப் படித்தவள், ஆற்று நீரைச் சுத்தம் செய்யக் கற்றவள். அலபாமா வகுப்பில் அவள் இருபது வரை எண்ணியதற்கே எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவளுக்குக் கோபம் வருகிறது, ஆனால் அதைச் சொல்ல மொழி இல்லை. உங்கள் பிள்ளைகளில் பலர் பள்ளியில் கைதட்டும் பக்கத்தில் இருப்பவர்கள். கைதட்டுகிறவர்கள் கெட்டவர்களா, இல்லையென்றால் அவளுக்கு ஏன் கோபம் என்று கேட்டு, பத்து நிமிடம் அவர்களைப் பேச விடுங்கள். வந்தவர்களின் வலியை மட்டும் காட்டும் பாடத்தைவிட, பிள்ளை தான் நிற்கும் இடத்தையும் பார்க்க வைக்கும் பாடம் உயர்ந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

காய்ந்த பப்பாளி இன்னொரு பொக்கிஷம். பழத்துக்கு ஏங்கிய பிள்ளைக்கு யாரோ அன்பாகப் பொட்டலத்தில் உலர்ந்த பப்பாளி கொடுக்கிறார்கள். அவள் அதை எறிந்துவிடுகிறாள். தாய் அதை நீரில் ஊறவைத்துப் பார்க்கிறாள். உறைநிலையில் வரும் முருங்கைக்காயையும் பலாச்சுளையையும் உண்டு வளரும் பிள்ளைகளுக்கு இங்கே விளக்கமே வேண்டாம். "வீட்டில் பெரியவர்கள் 'இது அங்கே உள்ளது போல இல்லை' என்று சொல்லும் உணவு எது?" என்று கேளுங்கள். காயம் படாமல் வீட்டுக் கதையின் பக்கம் போக இது நல்ல வாசல்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஹாவின் தந்தை கடற்படையில் இருந்தவர், ஒன்பது ஆண்டுகளாகக் காணாமற்போனவர். நாவலின் கடைசிப் பகுதியில் அந்தக் குடும்பம், எந்த உறுதியான செய்தியும் வராமலே, அவர் இனி இல்லை என்று ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வருகிறது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரை இன்னும் எதிர்பார்த்திருக்கும் குடும்பம் உங்கள் பதினான்கில் ஒன்றாவது இருக்கக்கூடும். அப்படிப்பட்ட வீட்டில் "இல்லை" என்று ஏற்பது கதையின் முடிவாக இருக்க முடியாது. ஆகவே கடைசிப் பகுதியை வகுப்பில் வாசிக்காதீர்கள். நாவலைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாகப் பெற்றோருக்குத் தமிழில் ஒரு சிறு செய்தி அனுப்புங்கள்: புத்தகத்தின் பெயர், எந்தக் கவிதைகள், கேலியும் வீட்டின் மேல் கல்லெறிவதும் வேறு பக்கங்களில் வருகின்றன என்பது, தந்தை காணாமற்போன செய்தி, பிள்ளை காரணம் சொல்லாமலே அந்த 45 நிமிடம் நூலக மூலையில் உட்காரலாம் என்பது. யாராவது அழுதால் எல்லார் முன்னிலும் "ஏன்?" என்று கேட்க வேண்டாம். ஒரு வேலையைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புங்கள், துணைக்கு ஒரு பெரியவர் போகட்டும். அன்றைக்கே வீட்டுக்கு அழைத்து எந்தப் பக்கம் வாசித்தோம் என்று சொல்லுங்கள். அதே பிள்ளைக்கு இது மீண்டும் நடந்தால் பள்ளிச் சபையின் சமூகப் பணியாளரிடம் சொல்லுவதே முறை.

ஐந்தாவது வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் வரலாற்றுக்கு. மூன்று செய்திகள் போதும், ஒரு கனடா வரைபடத்தோடு. 1914-இல் 'கொமகாட்டா மாரு' கப்பலில் வன்கூவருக்கு வந்த 376 இந்தியர்கள் இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்தப்பட்டு, இருபத்துச் சொச்சம் பேர் தவிர மற்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016-இல். சீனர்கள் மட்டும் நுழைவதற்குத் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. 1885-இல் 50 டொலராகத் தொடங்கி 1903-இல் 500 ஆனது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். எங்கள் கதையை முதலில் சொல்லிவிடாமல் கடைசியில் வையுங்கள். மற்ற இரண்டையும் கேட்டபின் 155 என்ற எண் பிள்ளைகளின் காதில் வேறு மாதிரி ஒலிக்கும். துன்பப்பட்டவர்கள் நாங்கள் மட்டும் என்ற எண்ணத்தோடு எந்தப் பிள்ளையும் இந்த வகுப்பைவிட்டுப் போகக்கூடாது.

இப்போது எடுக்கக்கூடாதவை இரண்டு. பிஜித் தோட்டங்களைப் பற்றிப் பாரதியார் பாடிய 'கரும்புத் தோட்டத்திலே', இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியைப் பற்றிப் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி'. இரண்டும் தமிழில் இந்தப் பொருளுக்கு ஆணிவேர் போன்றவை. ஆனால் இரண்டிலும் பெண்கள் மீதான கொடுமை மையத்தில் இருக்கிறது. முதலாவதைப் பதின்மூன்று, பதினான்கு வயதிலும் இரண்டாவதைப் பதினாறுக்கு மேலும் எடுக்கலாம்.

ஆறாவது வகுப்பில் பிள்ளைகள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்: படக்கதை மனிதரின் 'அன்று, இன்று', ஹாவின் 'அன்று, இன்று', வீட்டில் ஒருவருடையது. மூன்றாவதை எடுப்பவர்கள் மட்டும் வீட்டில் கேட்கலாம், அதுவும் வந்து சேர்ந்தபின் நடந்ததை. விமான நிலையத்துக்கு யார் வந்தார்கள்? முதல் வாரம் என்ன சமைத்தீர்கள்? முதல் குளிர்ச் சட்டை யாருடையது? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? "ஏன் வெளிக்கிட்டீர்கள்?", "எப்படி வந்தீர்கள்?" என்ற இரண்டும் வேண்டாம். பெரியவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், எழுதத் தேவையில்லை. புள்ளி போடும்போது யார் வீட்டுக் கதை கனமானது என்று பார்க்காதீர்கள். மாறாத பொருள் ஒன்று இருக்கிறதா, மாறியது தெரிகிறதா, உணர்ச்சிச் சொல் இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறதா என்பவை மட்டுமே அளவுகோல்.

நாடகம் வேண்டாம் என்று குழுவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அட்டைப்படகில் பிள்ளைகள் அழுவது போல நடிக்கும்போது, உண்மையில் படகில் வந்தவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அலையும் இருட்டும் மேடையில் வரும்போது அவர்களுக்கு என்ன நேரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மாற்றாக வாசிப்பு ஒன்றைக் கொடுங்கள்: 14 பிள்ளைகள், ஆளுக்கு நான்கு வரி, நாற்பது விநாடி. பத்து நிமிடத்தில் முடியும். யாருடைய கவிதை கற்பனை, யாருடையது வீட்டுக் கதை என்று அறிவிக்க வேண்டாம். தொடக்கத்தில் 112-ஆம் பாடலை எல்லாரும் சேர்ந்து சொல்லலாம்.

உங்கள் கதையைக் கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள், ஆறாவது வகுப்பில், ஐந்து நிமிடம். வந்தபின் நடந்த ஒன்றை மட்டும்: முதல் வேலை, முதல் அறை, தவறான பேருந்தில் ஏறிய நாள், எதுவானாலும். அதை "ஆகவே பிள்ளைகளே" என்று முடித்துவிடாதீர்கள். வந்த வழியைப் பற்றி யாராவது கேட்டால், "அதை நான் இன்றைக்குச் சொல்லப் போவதில்லை" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். சொல்லாமல் இருக்கும் உரிமை தங்களுக்கும் உண்டு என்பதை அவர்கள் உங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை தொடங்கினால் டிசம்பர் விடுமுறைக்கு முன் ஆறு வகுப்புகளும் முடியும். ஒரு நூலகக் கிளையில் நான்கு பிரதிகள் சேர்ந்து கிடைப்பது அரிது. ஆகவே அக்டோபர் நடுவிலேயே இரண்டு புத்தகங்களுக்கும் நூலகத்தில் ஹோல்ட் (முன்பதிவு) போட்டுவிடுங்கள். இரண்டு பெற்றோரின் நூலக அட்டையையும் சேர்த்துக்கொண்டால் எல்லாம் ஒரே வாரத்தில் கைக்கு வர வாய்ப்பு அதிகம்.